காரணம் தெரியாத ஓசை: பதறாமல் விசாரிப்போம்

(நமது அறக்கட்டளையின் குடும்ப நலக் கூட்டத்தில் செயலாளர் ஆற்றிய உரை)

  

 

வழக்கமாக இந்தக் கூட்டத்தில் கல்வி உதவி, மருத்துவ உதவி, திருமண உதவி பற்றிப் பேசுவோம். இன்று கம்ப்யூட்டர் எழுப்பும் ஓசை பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் சிலர் சிரித்தீர்கள். சிரிக்கிற விஷயம்தான். ஆனால் கடந்த சில மாதங்களில் நம் மஹல்லாவிலேயே மூன்று வீடுகளில் இந்த ஓசையால் துன்பம் வந்திருக்கிறது. யார் வீடு என்று சொல்ல மாட்டேன், நீங்களும் தேடாதீர்கள். சம்பந்தப்பட்டவர்களிடம் அனுமதி வாங்கித்தான் சொல்கிறேன்.

ஒரு வீட்டில் மகள் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். இரவு பத்து மணிக்கு மேல் லேப்டாப்பில் உட்கார்ந்து பாடம் படிப்பாள். ஐந்து நிமிடத்துக்கு ஒரு தடவை "டிங்" என்று ஒரு சத்தம். அடுத்த அறையில் படுத்திருந்த அத்தாவுக்கு, பிள்ளை யாருடனோ பேசிக்கொண்டிருக்கிறாள் என்ற எண்ணம். கேட்டால் மகள், "எனக்கே தெரியலை அத்தா" என்கிறாள். அது அவருக்குச் சமாளிப்பாகத் தோன்றியது. லேப்டாப்பை வாங்கி பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டார். பரீட்சைக்கு மூன்று வாரம் இருக்கும்போது நடந்தது இது.

இன்னொரு வீட்டில், சுரங்க வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர். கம்ப்யூட்டரில் திடீரென்று சைரன் மாதிரி ஊளைச் சத்தம். திரை முழுக்கச் சிவப்பாக ஓர் எச்சரிக்கை, அதில் ஒரு போன் நம்பர். கை நடுங்க அந்த நம்பருக்கு அடித்துவிட்டார். ஹஜ்ஜுக்காகச் சேர்த்து வைத்திருந்ததில் ஒரு பகுதி அன்று மாலைக்குள் போய்விட்டது.

மூன்றாவது வீட்டில் ஓயாமல் "டொங், டொங்" என்று ஏதோ விளம்பரம் வந்து கொண்டிருந்தது. வைரஸ் என்று நினைத்துக் கடையில் கொடுத்து எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போட்டு வாங்கினார்கள். இறந்துபோன தாயாரின் படங்களும் அதோடு போயின. பத்து நாளில் அதே சத்தம் மறுபடி வந்தது.

மூன்று வீட்டிலும் ஓசை வேறு, காரணம் வேறு. ஆனால் மூன்றிலும், எது சத்தம் போடுகிறது என்று கண்டுபிடிப்பதற்கு முன்பே முடிவெடுத்துவிட்டார்கள்.

நமக்குத் தெரியாத ஒன்றல்ல இது. ஒருவர் ஒரு செய்தி கொண்டுவந்தால், தீர விசாரிக்காமல் நடவடிக்கை எடுத்துப் பிறகு வருந்தும்படி ஆகிவிடக் கூடாது என்று சூரா ஹுஜுராத்தின் 6-வது வசனம் நமக்குக் கட்டளையிடுகிறது. "தபய்யுன்" என்று மதரஸாவில் பாடம் எடுப்போம். மனிதன் கொண்டுவரும் செய்திக்கே இந்த விசாரணை வேண்டுமென்றால், பெயரும் முகமும் இல்லாத ஒரு சத்தத்துக்கு எவ்வளவு விசாரணை வேண்டும்!

சத்தம் எங்கிருந்து வருகிறது?

முதல் வேலை, சத்தம் உண்மையில் கம்ப்யூட்டரிலிருந்துதான் வருகிறதா என்று பார்ப்பது. ஸ்பீக்கர் ஒலியை முழுதாக அடைத்துவிட்டுக் காத்திருங்கள். அப்போதும் சத்தம் வந்தால் அது விண்டோஸ் போடும் சத்தம் இல்லை. மேசைக்கு அடியில் இருக்கும் யுபிஎஸ் பெட்டியாக இருக்கலாம். மின்சாரம் போனால் யுபிஎஸ் "பீப், பீப்" என்று சொல்லும், அது அதன் கடமை. மின்சாரம் இருக்கும்போதே கத்தினால் உள்ளே பேட்டரி வீணாகிவிட்டது அல்லது தாங்கும் அளவுக்கு மேல் சாதனங்கள் மாட்டியிருக்கிறது என்று பொருள்.

கம்ப்யூட்டரைப் போட்ட உடனே, திரை வருவதற்கு முன்பே பல தடவை "பீப்" வந்தால் அது உள்ளிருக்கும் பாகம் ஏதோ கோளாறு என்று சொல்லும் சங்கேதம். பழுது பார்ப்பவரிடம் காட்டுங்கள். பெட்டிக்குள்ளிருந்து "டிக், டிக்" என்று கடிகாரம் போல இரும்புச் சத்தம் வந்தால் மட்டும் தாமதிக்காதீர்கள். ஹார்ட் டிஸ்க் சாகப்போகிறது என்பதற்கு அது அறிகுறியாக இருக்கலாம். அன்றைக்கே படங்களையும் பத்திரங்களையும் வேறிடத்தில் பிரதி எடுத்து வையுங்கள்.

ஸ்பீக்கரை அடைத்ததும் சத்தம் நின்றுவிட்டதா? அப்படியானால் அது உள்ளே ஓடும் ஏதோ ஒரு நிரலின் வேலை. இனி எது என்று பிரிக்க வேண்டும்.

இதற்கு ஒரு பழைய நோட்டு போதும். சத்தம் வந்த நேரம், எப்படிப்பட்ட சத்தம், அப்போது கம்ப்யூட்டரில் என்னென்ன மாட்டியிருந்தது, என்னென்ன திறந்திருந்தது ஆகிய நான்கையும் இரண்டு நாள் எழுதுங்கள். பாதிக் காரணம் அதிலேயே வெளிவந்துவிடும்.

பிறகு, சத்தத்தை அடையாளம் காண விண்டோஸிலேயே ஒரு வழி இருக்கிறது. செட்டிங்ஸில் சிஸ்டம், அதில் சவுண்ட், அதில் "மோர் சவுண்ட் செட்டிங்ஸ்" போய் "சவுண்ட்ஸ்" என்ற பக்கத்தைத் திறந்தால் ஒரு பட்டியல் வரும். பேட்டரி குறைந்தால் எந்த ஒலி, கருவி மாட்டினால் எந்த ஒலி, எச்சரிக்கைக்கு எந்த ஒலி என்று வரிசையாக இருக்கும். ஒவ்வொன்றையும் தொட்டு "டெஸ்ட்" அழுத்தினால் அந்த ஒலி கேட்கும். "ஆங், இதுதான்" என்று வீட்டில் யாராவது ஒருவர் சொல்வார்கள். அந்த வரிசையில் எழுதியிருப்பதுதான் அந்தச் சத்தத்தின் பெயர்.

கீழே வலது மூலையில் இருக்கும் ஸ்பீக்கர் படத்தை வலது கிளிக் செய்து வால்யூம் மிக்சரைத் திறந்தால், ஒலி எழுப்பும் நிரல்களின் பட்டியலும் கிடைக்கும். ஒவ்வொன்றாக ஒலியைக் குறைத்து வைத்துப் பாருங்கள். எதைக் குறைத்தபோது சத்தம் நின்றதோ அதுதான் ஆள். வந்துபோன அறிவிப்புகளைத் திரும்பப் பார்க்க விண்டோஸ் 11-ல் விண்டோஸ் பொத்தானோடு என் எழுத்தையும், விண்டோஸ் 10-ல் ஏ எழுத்தையும் சேர்த்து அழுத்துங்கள்.

மாட்டினால் ஒரு சத்தம், கழன்றால் ஒரு சத்தம்

முதல் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். நம் தொண்டர் ஒருவர் போய்ப் பார்த்தார். அந்தப் பெண்ணை வேறு அறையில் உட்காரச் சொல்லிவிட்டு, லேப்டாப்பைத் திறந்து வைத்து, அத்தாவையும் பக்கத்தில் உட்கார வைத்துக் காத்திருந்தார். "டிங்" என்றது. சற்று நேரத்தில் மறுபடி "டிங்". லேப்டாப் முன்னால் யாருமே இல்லை.

கவனித்துக் கேட்டால் அது இரண்டு சத்தம். ஒன்று கீழிருந்து மேலே ஏறுகிறது, இன்னொன்று மேலிருந்து கீழே இறங்குகிறது. ஏறும் ஒலி யூஎஸ்பியில் ஒரு கருவி மாட்டப்பட்டது என்பதற்கு. இறங்கும் ஒலி அது கழன்றுவிட்டது என்பதற்கு. அந்தப் பெண்ணின் தம்பி தன் போனை லேப்டாப்பில்தான் சார்ஜ் போடுவான். கேபிள் தளர்ந்து போயிருந்தது. மேசை லேசாக ஆடினாலும் தொடர்பு விட்டு விட்டு வரும். அத்தனை சத்தமும் அதனால்தான்.

உங்கள் வீட்டிலும் இதே சத்தம் வந்தால், கீபோர்டு, மவுஸ் தவிர எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். அரை மணி நேரம் பாருங்கள். நின்றுவிட்டால் பிரிண்டர், பென்டிரைவ், போன் கேபிள், வெப்கேமரா என்று ஒன்றொன்றாகத் திரும்ப மாட்டுங்கள். எதை மாட்டியபோது சத்தம் திரும்பியதோ அதைப் பாருங்கள். கேபிளை மாற்றுங்கள், அல்லது வேறு துளையில் மாட்டுங்கள். நம் பக்கத்துத் தூசிக்கு அந்தத் துளைகள் சீக்கிரம் அடைத்துக்கொள்ளும். 2011 செப்டம்பரில் தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா லேப்டாப் திட்டத்தில் கிடைத்த கருவிதான் நம்மில் பல குடும்பங்களுக்கு முதல் கம்ப்யூட்டர். அண்ணன் படித்து, தங்கை படித்து, இப்போது கடைக்குட்டி படிக்கிற லேப்டாப்பில் துளை தளர்ந்து போவதில் ஆச்சரியம் என்ன!

அந்தத் தகப்பனார் அன்றிரவே மகளிடம் போய், "நான் நினைச்சது தப்பும்மா" என்று சொன்னார். அதைச் சொல்லச் சொன்னவரும் அவர்தான். சூரா ஹுஜுராத்தில் நான் சொன்ன வசனத்துக்குச் சற்றுப் பின்னால், 12-வது வசனம், வீண் சந்தேகத்தையும் பிறர் குறையைத் துருவித் தேடுவதையும் தடுக்கிறது. பிள்ளைகளைக் கண்காணிக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை, அது பெற்றோரின் பொறுப்பு. ஆனால் ஒரு சத்தத்தை மட்டும் வைத்துப் பெண் பிள்ளையின் படிப்பை நிறுத்துவது கண்காணிப்பு ஆகாது. ஒரு கேபிளின் விலை என்ன, அந்தப் பிள்ளையின் மூன்று வாரத்தின் விலை என்ன?

குழந்தை விளையாட்டும் கடிகாரக் குழப்பமும்

கீபோர்டிலிருந்து வரும் "பீப்" சத்தம் பலரைக் குழப்புகிறது. கைவிரல்களைச் சரியாக அசைக்க முடியாதவர்களுக்காக விண்டோஸில் சில வசதிகள் வைத்திருக்கிறார்கள். ஷிஃப்ட் பொத்தானை ஐந்து தடவை அடித்தால் ஸ்டிக்கி கீஸ் வரும். வலது ஷிஃப்டை எட்டு வினாடி அழுத்திப் பிடித்தால் ஃபில்டர் கீஸ் வரும். நம்லாக்கை ஐந்து வினாடி பிடித்தால் டாகிள் கீஸ் வரும், அதன் பிறகு கேப்ஸ்லாக் தொட்டாலும் ஒரு "பீப்". வீட்டுச் சிறுவர்கள் விளையாட்டில் ஷிஃப்டைத் தட்டிக்கொண்டே இருந்தால் இதெல்லாம் தானாக விழித்துக்கொள்ளும். செட்டிங்ஸில் அக்சசிபிலிட்டி, அதில் கீபோர்டு பகுதிக்குப் போய் நிறுத்திவிடலாம். விண்டோஸ் 10-ல் அந்தப் பகுதிக்கு ஈஸ் ஆஃப் அக்சஸ் என்று பெயர். பக்கவாதத்தில் ஒரு கை விழுந்தவர்கள், கை நடுக்கம் உள்ளவர்கள் வீட்டில் இருந்தால் நிறுத்தாதீர்கள். அவர்களுக்கு அது நல்ல உதவி, கற்றுக்கொடுங்கள்.

நடு இரவில் கம்ப்யூட்டர் பாங்கு சொல்கிறது என்று ஒரு சகோதரி பயந்துபோய்ச் சொன்னார். ஓதிப் பார்க்க ஹஜ்ரத்திடம் போகலாமா என்றும் கேட்டார். ஓதுவது எப்போதும் நன்மைதான், தாராளமாக ஓதுங்கள். அதோடு கம்ப்யூட்டரின் கடிகாரத்தையும் பாருங்கள். பாங்கு சொல்லும் நிரல் கம்ப்யூட்டரின் கடிகாரத்தை நம்பித்தான் வேலை செய்கிறது. பழைய மேசைக் கம்ப்யூட்டருக்குள் காசு அளவில் ஒரு சிறு பேட்டரி இருக்கும். அது தீர்ந்துபோனால், மின்சாரம் போய் வரும்போதெல்லாம் கடிகாரம் தவறான தேதிக்கும் நேரத்துக்கும் போய்விடும். அந்தச் சிறு பேட்டரியை மாற்றினால் சரியாகிவிடும்.

வளைகுடாவிலிருந்து மகன் கொண்டுவந்த லேப்டாப் என்றால் இன்னொன்றும் பாருங்கள். சவூதி நேரம் நம் நேரத்தைவிட இரண்டரை மணி நேரம் பிந்தியது. லேப்டாப் ரியாத் நேரத்திலேயே இருந்தால், நினைவூட்டல் மணிகளெல்லாம் நமக்குச் சம்பந்தமில்லாத நேரத்தில் அடிக்கும். நேர மண்டலத்தை இந்தியாவுக்கு மாற்றுங்கள். பாங்கு நிரலுக்குள் ஊர் எது என்று கேட்கும் இடத்தையும் மாற்ற மறக்காதீர்கள்.

கம்ப்யூட்டரில் வாட்ஸ்அப் திறந்து வைத்திருந்தால் அதுவும் ஒலி எழுப்பும். இதில் சத்தத்தைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது. விண்ணப்பம் பிரிண்ட் எடுக்கப் போன கடையிலோ, அலுவலகத்திலோ உங்கள் வாட்ஸ்அப்பைத் திறந்துவிட்டு மூடாமல் வந்திருந்தால், உங்கள் குடும்பச் செய்திகள் அங்கேயும் போய்க்கொண்டிருக்கும். இன்றே போனில் வாட்ஸ்அப்பின் "லிங்க்டு டிவைசஸ்" பகுதியைத் திறந்து, உங்களுக்குத் தெரியாத கருவி எது இருந்தாலும் வெளியேற்றிவிடுங்கள்.

கேட்டவனுக்கெல்லாம் அனுமதி கொடுத்தால்

மூன்றாவது வீட்டின் "டொங், டொங்" இதுதான். பெரும்பாலான வீடுகளில் நடப்பதும் இதுதான்.

பரீட்சை முடிவு பார்க்க, படம் பார்க்க, வேலைவாய்ப்புச் செய்தி படிக்க ஏதோ ஒரு இணையதளத்துக்குப் போகிறோம். மேலே ஒரு சிறு கட்டம் வருகிறது. அறிவிப்பு அனுப்ப அனுமதிக்கிறீர்களா என்று கேட்டு, "அலோ", "பிளாக்" என்று இரண்டு பொத்தான் காட்டுகிறது. சில தளங்கள், நீங்கள் மனிதர்தான் என்று நிரூபிக்க "அலோ" அழுத்துங்கள் என்று தந்திரமாக எழுதி வைக்கும். அழுத்தினால் போதும், அந்தத் தளத்தை மூடிவிட்டாலும் பிரவுசர் பின்னால் ஓடிக்கொண்டிருக்கும்வரை அவர்கள் உங்கள் திரை மூலையில் செய்தி போடலாம். குரோம் பிரவுசரில் இந்த வசதி 2015-லேயே வந்துவிட்டது. செய்தித்தாள், மின்னஞ்சல் போன்ற நல்ல காரியங்களுக்காக வந்த வசதி. கெட்டவர்களும் பிடித்துக்கொண்டார்கள். "உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ்", "பரிசு விழுந்திருக்கிறது" என்றெல்லாம் வருவது பெரும்பாலும் இந்த வழியாகத்தான். அது வைரஸ் இல்லை, நம் வீட்டில் யாரோ கொடுத்த அனுமதி.

பிறர் வீட்டுக்குள் அனுமதி கேட்டு, ஸலாம் சொல்லித்தான் நுழைய வேண்டும் என்று சூரா நூரின் 27-வது வசனம் நமக்கு ஒழுக்கம் கற்றுத் தருகிறது. மூன்று தடவை அனுமதி கேட்டும் கிடைக்காவிட்டால் திரும்பிவிட வேண்டும் என்ற ஹதீஸ் புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. அனுமதி கொடுப்பதும் மறுப்பதும் வீட்டுக்காரரின் உரிமை. வாசலில் நிற்பவன் யார் என்று பார்க்காமல் நாம் கதவைத் திறப்போமா? திரையில் மட்டும் ஏன் திறக்கிறோம்?

கொடுத்த அனுமதியைத் திரும்ப வாங்க ஐந்து நிமிடம் போதும். குரோமில் வலது மேல் மூலையில் மூன்று புள்ளி இருக்கும். அதைத் தொட்டு செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று வரிசையாகப் போங்கள். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் இருக்கும். உங்களுக்குத் தெரியாத பெயர்களையெல்லாம் பிளாக் செய்யுங்கள். இனி எந்தத் தளமும் கேட்கவே வேண்டாம் என்றால் அதற்கும் அதே பக்கத்தில் வழி உண்டு. எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசர்களிலும் இதே போன்ற பட்டியல் இருக்கிறது. பிரவுசரில் எக்ஸ்டென்ஷன்ஸ் பகுதியையும் பார்த்து, யாரும் போடாத எதுவும் இருந்தால் நீக்கிவிடுங்கள்.

எல்லாவற்றையும் அழித்துப் புதிதாகப் போடுவது கடைசி வழி, முதல் வழி அல்ல. அப்படியே கடையில் கொடுப்பதானாலும் படங்கள், பட்டா நகல், சான்றிதழ் எல்லாவற்றையும் முதலில் பிரதி எடுங்கள். அந்த வீட்டுக்கு மறுபடி சத்தம் வந்தது ஏன் என்றால், பையன் அதே தளத்துக்குப் போய் அதே பொத்தானை அழுத்தினான்.

உண்மையிலேயே தீய நிரல் ஏதும் புகுந்திருக்குமோ என்று சந்தேகம் இருந்தால், விண்டோஸிலேயே இருக்கும் டிஃபென்டரை வைத்து முழுச் சோதனை செய்யலாம். மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு 2017 பிப்ரவரியில் தொடங்கிய சைபர் ஸ்வச்தா கேந்திரா என்ற மையமும் இலவசச் சோதனைக் கருவிகளைத் தருகிறது. இன்னொரு செய்தி: விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு நிறுத்திவிட்டது. பழைய விண்டோஸ் ஓடும் கம்ப்யூட்டரில் பிள்ளைகள் படிக்கட்டும், பணப் பரிமாற்றம் மட்டும் வேண்டாம்.

சைரன் சத்தமும் போன் நம்பரும்

இனி சொல்வதைப் பெரியவர்கள் நன்றாக மனதில் வாங்கிக்கொள்ளுங்கள். ஓய்வுபெறும்போது கையில் வரும் வைப்பு நிதியும் பணிக்கொடையும் நம் வாழ்நாள் உழைப்பு. அதைக் குறிவைப்பவர்கள் முதலில் உங்களைப் பதற வைப்பார்கள்.

திரை முழுக்க எச்சரிக்கை, காதைப் பிளக்கும் சத்தம், "கம்ப்யூட்டரை அணைக்காதீர்கள், உடனே இந்த எண்ணுக்கு அழையுங்கள்" என்ற வாசகம். இவை மூன்றும் சேர்ந்து வந்தால் அது மோசடி என்று உறுதியாக எடுத்துக்கொள்ளலாம். தங்கள் எச்சரிக்கைகளில் போன் நம்பர் இருக்காது என்று மைக்ரோசாஃப்ட் நிறுவனமே வெளிப்படையாகச் சொல்லியிருக்கிறது. அது ஒரு வலைப்பக்கம், அவ்வளவுதான். பள்ளிக்கூடப் பையன் கூட அப்படி ஒரு பக்கம் தயாரித்துவிடுவான்.

அழைத்தால் என்ன நடக்கும்? மிகவும் மரியாதையாகப் பேசுவார்கள். எனிடெஸ்க், டீம்வியூவர் போன்ற ஒரு நிரலைப் போடச் சொல்வார்கள். அந்த நிரல்கள் தவறானவை அல்ல, அலுவலகங்களில் பயன்படுபவைதான். ஆனால் அந்நியன் சொல்லிப் போட்டால், உங்கள் கம்ப்யூட்டரை அவன் தன் கையில் எடுத்துக்கொள்கிறான். பிறகு வங்கிக் கணக்கைத் திறக்கச் சொல்வான். இந்தத் தொழிலுக்கென்றே கால் சென்டர் வைத்திருந்தார்கள். 2023 அக்டோபரில் சிபிஐ ஆபரேஷன் சக்ரா-2 என்ற பெயரில் பல மாநிலங்களில் 76 இடங்களில் சோதனை நடத்தியது. மைக்ரோசாஃப்ட், அமேசான் நிறுவனங்களின் உதவி மையம் என்று நடித்து வெளிநாட்டவரை ஏமாற்றிய கும்பல்களும் அதில் சிக்கின.

அப்படி ஒரு பக்கம் வந்தால் என்ன செய்வது? எஸ்கேப் பொத்தானைச் சற்று நேரம் அழுத்திப் பிடியுங்கள், முழுத்திரை விலகலாம். ஆல்ட், எஃப்4 இரண்டையும் சேர்த்து அழுத்தினால் பிரவுசர் மூடும். அதுவும் நடக்காவிட்டால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் அழுத்தி, வரும் பட்டியலில் பிரவுசரைத் தேர்ந்து "எண்ட் டாஸ்க்" கொடுங்கள். எதுவும் புரியவில்லையா? பவர் பொத்தானைப் பத்து வினாடி அழுத்தி அணைத்துவிடுங்கள். அணைக்காதே என்று அவன் சொன்னால் நாம் அணைப்பதுதான் சரி. மீண்டும் திறக்கும்போது பழைய பக்கங்களைத் திரும்பத் திறக்கவா என்று பிரவுசர் கேட்டால் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

பணம் போய்விட்டால் முதலில் இணையத் தொடர்பைத் துண்டியுங்கள். உடனே 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். 2021-ல் 155260 என்று தொடங்கிய தேசிய உதவி எண்தான் பிறகு 1930 ஆனது. வங்கிக்கும் சொல்லுங்கள். தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் பதியுங்கள். வேறொரு கருவியிலிருந்து கடவுச்சொற்களை மாற்றுங்கள். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொரு கணக்குக்கு ஓடிக்கொண்டே இருக்கும். நீங்கள் எவ்வளவு சீக்கிரம் சொல்கிறீர்களோ அவ்வளவுக்கு வழியில் மறிக்க வாய்ப்பு உண்டு.

ரிசர்வ் வங்கி 2017 ஜூலை 6-ஆம் தேதி வெளியிட்ட சுற்றறிக்கையில், வாடிக்கையாளர் பக்கமும் வங்கி பக்கமும் தவறில்லாமல் மூன்றாம் நபரால் பணம் போய், வங்கியின் தகவல் கிடைத்த மூன்று வேலை நாட்களுக்குள் புகார் செய்தால் இழப்பு வாடிக்கையாளரைச் சேராது என்று சொல்லியிருந்தார்கள். நாமே ரகசிய எண்ணைச் சொல்லிவிட்ட நிலையிலும், வங்கிக்குத் தெரிவித்த பிறகு போகும் பணத்துக்கு வங்கிதான் பொறுப்பு. ஆகவே எந்த நிலையிலும் முதலில் தெரிவிப்பதுதான் நமக்குப் பாதுகாப்பு.

நான் சொன்ன அந்தப் பெரியவர் நான்கு நாள் யாரிடமும் சொல்லவில்லை. மனைவியிடமும் சொல்லவில்லை. "இத்தனை வயசுக்கு ஏமாந்துட்டேனே" என்ற வெட்கம். அந்த நான்கு நாளில், மீட்க இருந்த வாய்ப்பும் குறைந்துபோனது. அவருக்குப் பணம் போனதைவிட, ஹஜ் நிய்யத் தள்ளிப்போனதுதான் தாங்க முடியாத துக்கம். சகோதரர்களே, ஏமாந்தவர் குற்றவாளி அல்ல. ஏமாந்தவரைப் பார்த்துச் சிரிக்கிற ஊரில் ஏமாந்தவர் வாய் திறக்க மாட்டார். அவர் வாய் திறக்காதவரை திருடனுக்குத்தான் லாபம். வீட்டில் யாராவது இப்படி வந்து சொன்னால், "எப்படி இப்படிச் செஞ்சீங்க" என்று கேட்காதீர்கள். முதலில் 1930-ஐ அழையுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

இதே பதற்றத்தை வைத்துத்தான் "டிஜிட்டல் அரெஸ்ட்" என்றும் மிரட்டுகிறார்கள். போலீஸ் உடையில் வீடியோ காலில் வந்து, உங்களைக் கைது செய்துவிட்டோம், அறையை விட்டு நகராதீர்கள் என்பார்கள். அப்படி ஒரு கைது நம் சட்டத்தில் இல்லை என்று 2024 அக்டோபர் 27-ஆம் தேதி பிரதமரே வானொலி உரையில் நாட்டு மக்களுக்குச் சொன்னார். நம் சமுதாயத்தவர் பெயரைக் கேட்டதும் வேறு விதமாகவும் பயமுறுத்துவார்கள். பயப்பட வேண்டாம். போனை வைத்துவிட்டு ஜமாஅத்துக்கு வாருங்கள், கூடவே காவல் நிலையத்துக்கு நாங்கள் வருகிறோம்.

நாம் செய்யப்போவது

அறக்கட்டளை நிர்வாகம் கூடிப் பேசி ஒரு முடிவெடுத்திருக்கிறோம். ஒவ்வொரு சனிக்கிழமையும் அஸ்ர் தொழுகைக்குப் பிறகு மதரஸா அறையில் நம் இளைஞர்கள் மூன்று பேர் இருப்பார்கள். லேப்டாப், போன் எதுவானாலும் கொண்டுவாருங்கள், கட்டணம் இல்லை. உங்கள் முன்னிலையில்தான் திறப்பார்கள், உங்கள் படங்களையோ செய்திகளையோ பார்க்க மாட்டார்கள். அது அமானிதம். சகோதரிகளுக்குத் தனி நேரம் ஒதுக்கி, கல்லூரியில் படிக்கும் நம் பெண் பிள்ளைகளே பார்த்துக்கொள்வார்கள். அதில் ஒருத்தி, பீரோவில் பூட்டப்பட்ட லேப்டாப்பின் சொந்தக்காரி. அவளாகவே பெயர் கொடுத்தாள்.

ஒவ்வொரு வீட்டிலும் கம்ப்யூட்டருக்கு மேலே ஒரு தாளில் 1930 என்ற எண்ணைப் பெரிதாக எழுதி ஒட்டுங்கள். அதற்குக் கீழே, "சத்தம் வந்தால் எதையும் அழுத்தாதே, யாரையும் அழைக்காதே, முதலில் வீட்டில் ஒருவரிடம் சொல்" என்று எழுதுங்கள்.

யா அல்லாஹ், எங்கள் வீடுகளையும் பிள்ளைகளையும் ஹலாலான எங்கள் உழைப்பையும் பாதுகாப்பாயாக. ஹஜ் நிய்யத் வைத்திருக்கும் எங்கள் பெரியவர்களுக்கு அந்தப் பாக்கியத்தை விரைவில் தருவாயாக. ஆமீன், யா ரப்பல் ஆலமீன்.